கடைசியாக வந்த தேதி

அக்கவுன்ட் திறந்து தரச் சொல்லி வரும் டிக்கெட்டில் எல்லாம் 'அவசரம்' என்று போட்டிருக்கும். புது ஆள் திங்கட்கிழமை சேர்கிறார், வெள்ளிக்கிழமை மாலையே லாகின் தயாராக இருக்க வேண்டும். மூடச் சொல்லி மட்டும் டிக்கெட் வராது. போனவருக்கு ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தால் போதும். அவருடைய மேனேஜருக்கு அந்த இடத்துக்கு ஆள் பிடிக்கும் கவலை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைகிற வீட்டில், நீக்க வேண்டிய பெயருக்காக யாரும் வரிசையில் போய் நிற்பதில்லை, அதே கதைதான். பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அலுவலகங்களில் முதலில் விண்டோஸ் அக்கவுன்ட்டுகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரி பார்ப்பவனாகவும், பிறகு டிக்கெட்டுகள் ஓடும் ஜிராவுக்கு அட்மினாகவும் இருந்த காலத்தில், யாருக்கும் இல்லாத இந்தக் கவலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பாதுகாப்பைப் பற்றிய பயத்தால் அது வரவில்லை. பணத்தால் வந்தது. ஜிராவைச் சொந்த சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த சர்வர் பதிப்புக்கான ஆதரவை, ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியன் 2024 பிப்ரவரி 15-ஓடு நிறுத்திவிட்டது. அப்போது லைசென்ஸைத் தலைக்கு இவ்வளவு என்று விற்கவில்லை. 250 பேர், 500 பேர், அதைத் தாண்டினால் நேரே 2,000 பேர். 501-ஆவது ஆள் உள்ளே வந்தால் அவரால் மட்டுமல்ல, யாராலுமே புதிய டிக்கெட் போட முடியாது. அப்படி ஒரு நாள் காலை எல்லோரும் கையைக் கட்டி உட்கார்ந்தபோது, ஃபைனான்ஸ் மேனேஜர் பெயர்ப்பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நம்ம ஆபீஸ்ல மொத்தமே இவ்வளவு நாற்காலி கிடையாதே?" என்றார். பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனார். கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனவர், போட்டி நிறுவனத்தில் சேர்ந்தவர், மூன்று மாத ஒப்பந்தத்துக்கு வந்து போன வெண்டார் ஆட்கள் எல்லோரும் அதில் 'ஆக்டிவ்' ஆக இருந்தார்கள்.

கையால் களையெடுத்தால் அடுத்த காலாண்டில் மறுபடி முளைக்கும். இத்தனை நாள் வராத அக்கவுன்ட்டைத் தானாகவே டீஆக்டிவேட் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை ராத்திரியில் ஓடவிடலாம் என்று முடிவானது. கேட்டவர்கள் எல்லோரும் அரை நாள் வேலை என்றார்கள். ஸ்கிரிப்ட் எழுதுவது அரை நாள் வேலைதான்.

எத்தனை நாள் என்பதில் முதலில் ஒரு கூட்டம். கிரெடிட் கார்டுத் தகவலைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிமுறை, 90 நாளாகப் பயன்படாத அக்கவுன்ட்டை நீக்கவோ முடக்கவோ சொல்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான சிஐஎஸ் கட்டுப்பாடுகளின் எட்டாம் பதிப்பு, 2021-இல் வந்தது, 45 நாள் என்கிறது. கார்டு எண்ணைக் கண்ணால் பார்க்காத நிறுவனங்களும் 90-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், ஆடிட்டருக்கு அது பழகிய எண். கேள்வி கேட்காமல் டிக் அடித்துவிடுவார். எனக்கு எண்ணைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

ஆக்டிவ் டைரக்டரியில் 'லாஸ்ட் லாகான்' என்று ஒரு புலம் உண்டு. பெயரைப் பார்த்து நம்பினால் மோசம் போவீர்கள். ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தன் வாசல் வழியாக வந்தவர்களை மட்டும் அதில் குறித்துக்கொள்ளும். பக்கத்துக் கன்ட்ரோலருக்குச் சொல்லாது. சென்னையில் இருக்கிற கன்ட்ரோலரைக் கேட்டால் இந்த ஆள் மாதக்கணக்கில் வரவில்லை என்று சொல்லும். அவரோ பெங்களூரில் உட்கார்ந்து இன்று காலைதான் லாகின் செய்திருப்பார். இந்தச் சிக்கலுக்காகவே விண்டோஸ் சர்வர் 2003-இல் 'லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்' என்று இன்னொரு புலம் வந்தது. இது எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் பரவும். ஆனால் ஒவ்வொரு லாகினையும் பரப்பிக்கொண்டிருந்தால் நெட்வொர்க்குக்குச் சுமை என்பதால், ஏற்கெனவே இருக்கிற தேதி ஏறத்தாழ 9 முதல் 14 நாள் பழையதாகியிருந்தால் மட்டுமே அது புதுப்பிக்கப்படும். நேற்று வந்தவர் போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்ததாகக் காட்டுவது அதனால்தான். 90 நாள் விதிக்கு இந்தப் பிசகு உறைக்காது. புதிதாக வந்த செக்யூரிட்டி மேனேஜர் ஒருவர் 14 நாள் விதி போடலாமே என்று உற்சாகமாகக் கேட்டபோது, இந்த ஒரு விவரத்தைச் சொல்லியே அவரைத் திருப்பி அனுப்பினோம்.

இதைவிட வேடிக்கை, ஒருமுறைகூட லாகின் செய்யாதவர்களின் கணக்கு. விண்டோஸ் இந்தத் தேதிகளை 1601 ஜனவரி 1-இலிருந்து, நூறு நானோவினாடிக்கு ஒன்றாக எண்ணி வைக்கிறது. இன்னும் வராதவரின் புலம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். எச்சரிக்கையில்லாத ஸ்கிரிப்ட் அந்தப் பூஜ்யத்தைத் தேதியாக்கிவிடும். எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. தேதிப்படி பார்த்தால் அதற்கு மறுநாளிலிருந்து, திங்கட்கிழமை சேரப்போகும் அந்தப் பெண் வேலைக்கு வராமல் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை 'அவசரம்' என்று திறந்த அக்கவுன்ட்டை அன்று ராத்திரியே ஸ்கிரிப்ட் மூடிவிட்டுப் போய்விடும்.

ஜிராவின் தரவுத்தளத்தில் இதே பிழை தலைகீழாக நடக்கும். அங்கே கடைசி லாகின் நேரம் பயனரின் பண்புகளுக்கான தனி அட்டவணையில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். வராதவருக்கு அந்த வரியே இருக்காது. இரண்டு அட்டவணையையும் சேர்த்துத் தேடினால் அவர்கள் பட்டியலில் விழவே மாட்டார்கள். யாரோ கேட்டு யாரோ திறந்து, யாருமே பயன்படுத்தாத அக்கவுன்ட்டுகள் இப்படியே தப்பிவிடும். முதலில் மூட வேண்டியவை அவைதான். அதனால் நாங்கள் மூன்று தேதிகளை எடுத்துக்கொண்டோம்: கடைசி லாகின், அக்கவுன்ட் உருவான நாள், கடைசியாகத் திரும்பத் திறந்த நாள். இவற்றில் எது புதியதோ அதிலிருந்து 90. மூன்றாவதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். பகலில் திறந்து கொடுப்பார்கள், அந்த ஆள் அன்று மதியம் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு லாகின் செய்யாமலே வீட்டுக்குப் போவார், பழைய தேதியைப் பார்த்து ஸ்கிரிப்ட் ராத்திரி மறுபடி மூடும், மறுநாள் காலை மறுபடி போன் வரும்.

லாகின் செய்யாமலே வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டெவலப்பர்களில் பலர் ஜிராவை பிரவுசரில் திறப்பதே இல்லை. கோட் எழுதும் கருவிக்குள்ளிருந்து டோக்கன் வழியாகப் போய் டிக்கெட்டை நகர்த்திவிடுவார்கள். டோக்கன் வழியாக வருவது பல கருவிகளில் லாகின் என்ற கணக்கில் ஏறாது. சில டைரக்டர்கள் மெயிலுக்கு வரும் அறிவிப்பைப் படித்து, மெயிலிலேயே பதில் போட்டுவிடுவார்கள்; அந்தப் பதில் டிக்கெட்டில் கமென்ட்டாகப் போய்ச் சேரும். ஆண்டுக்கணக்கில் உள்ளே வராத அவர்தான் அந்த புராஜெக்ட்டில் எல்லா முடிவையும் எடுப்பவராக இருப்பார். இதனால் லாகின் தேதியோடு, கடைசியாக டிக்கெட்டில் கை வைத்த தேதியையும் பார்க்க வேண்டியிருந்தது. வினவல் நீண்டது, ராத்திரி ஓட்டம் மெதுவானது, டேட்டாபேஸ் பார்ப்பவர் முணுமுணுத்தார்.

எனக்கு முன்பே வேறொரு குழு இன்னொரு கருவிக்குப் போட்டு வைத்திருந்த விதி, 90 நாளானால் சொல்லாமல் மூடிவிடும். பிரசவ விடுப்பு முடிந்து வந்த டெஸ்டர் ஒருவர் முதல் நாள் காலை என் இடத்துக்கு நடந்தே வந்தார். "அண்ணா, அக்கவுன்ட் இல்லைன்னு வருது. என்னை எடுத்துட்டாங்களா? ஹெச்.ஆர்.ல கேக்கப் பயமா இருக்கு, அதான் உங்ககிட்ட வந்தேன்." 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு தரும் விடுப்பை 26 வாரமாக்கியது. அதாவது 182 நாள். 90 நாள் விதி வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும், சட்டப்படி முழு விடுப்பு எடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் திரும்பி வரும்போது மூடிய கதவைத்தான் பார்ப்பார். கணக்குப் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். விதி போட்ட அறையில் அந்தக் கணக்கைப் போட ஒருவரும் இல்லை.

அப்படியானால் விடுப்பில் இருப்பவர்களை விதியிலிருந்து விலக்கிவிடலாம் என்றுதான் எல்லோரும் உடனே சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆறு மாதம் யாரும் எட்டிப்பார்க்காத அக்கவுன்ட், அது யாருடையதானாலும், திறந்து கிடப்பதில் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. மூடுவதில் தவறில்லை, அவரிடம் சொல்லிவிட்டு மூட வேண்டும், வரும் நாளில் தானாகத் திறக்க வேண்டும். ஹெச்.ஆர். மேடத்திடம் போய்க் கேட்டேன். விடுப்பு விவரம் தரமாட்டேன் என்றார். யாருக்கு ஆபரேஷன், யாருக்குக் கருக்கலைந்தது என்பதெல்லாம் அட்மினுக்கு எதற்கு என்றார். நியாயம். கடைசியில் காரணமே இல்லாத ஒரு பட்டியலுக்கு ஒத்துக்கொண்டோம்: எம்ப்ளாயி எண், விடுப்பு முடியும் தேதி, அவ்வளவுதான். மூடும் முன் மற்றவர்களுக்குப் போகும் 'நீங்கள் 60 நாளாக வரவில்லை' என்ற எச்சரிக்கை மெயில் அந்தப் பட்டியலில் இருப்பவருக்குப் போகாது. 2021-இன் கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் போனுக்கும் இப்படி மெயில் போய்க்கொண்டிருந்த அலுவலகங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், இந்த ஒரு நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மூடும்போது அந்த ஆளின் கையில் என்னென்ன இருக்கிறது என்பது அடுத்த தலைவலி. புராஜெக்ட் லீடாக இருப்பவரை ஜிராவின் திரையிலிருந்து டீஆக்டிவேட் செய்யப் போனால், முதலில் வேறு லீடை வை என்று நிறுத்திவிடும். அந்தத் தடை நல்லது. ஆனால் ஒருவர் பெயரில் முப்பது டிக்கெட் திறந்து கிடந்தால் தடுக்காது. அவை செயலிழந்த பெயரின் கீழே அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் கேட்கும் வரை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அவர் உருவாக்கிய ஃபில்டரை நம்பி நான்கு டேஷ்போர்டுகள் இருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேனேஜர்களுக்குப் போன அறிக்கை நின்றுவிடும். அதனால் ஸ்கிரிப்ட்டுக்கு நாங்கள் ஒரு வரம்பு வைத்தோம். கையில் எதுவும் இல்லாதவரைத் தானாக மூடலாம். ஏதாவது இருந்தால் மேனேஜருக்கு ஒரு டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். முழுத் தானியங்கி கேட்டவர்களுக்கு இது ஏமாற்றம். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

டெலீட் என்ற பொத்தான் பக்கமே போகக் கூடாது என்பதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் எஸ்ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. அனுமதிகள் எல்லாம் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கும், பெயரோடு அல்ல. அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் திறந்தால் வேறு எண் வரும்; பழைய ஃபோல்டர் ஒன்றுகூடத் திறக்காது. டிசேபிள் செய்வது வெறும் ஒரு பிட் மாற்றம்: 512 என்றிருக்கும் மதிப்பு 514 ஆகும், அவ்வளவே. சேல்ஸ்ஃபோர்ஸில் பயனரை அழிக்கும் வசதியே கிடையாது, டீஆக்டிவேட் மட்டும்தான். ஐந்து வருஷம் கழித்து ஒரு ஒப்பந்தத் தகராறில் 'இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார்' என்று கேட்கும்போது, அந்த டிக்கெட்டில் ஒரு மனிதரின் பெயர் இருந்தாக வேண்டும்.

மனிதர் அல்லாத அக்கவுன்ட்டுகள் தனி உலகம். பேக்கப் எடுக்க ஒன்று, ஸ்கேனரிலிருந்து மெயில் அனுப்ப ஒன்று, வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் தேதி, நிதியாண்டு திரும்பும்போது மட்டும் விழித்து ஓடும் ஒன்று. கடைசியாகச் சொன்னது 90 நாள் விதியில் ஜூன் கடைசியில் மாட்டும். மூடினால் அடுத்த ஏப்ரல் வரை யாருக்கும் தெரியாது. சர்வீஸ் அக்கவுன்ட்டுகளை மொத்தமாக விதிவிலக்குப் பட்டியலில் போடுவதுதான் வழக்கம்; அந்தப் பட்டியல்தான் குப்பை சேரும் இடமும். 2023 நவம்பர் இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புள்ள குழு நுழைந்தது இப்படி ஒரு மூலையிலிருந்துதான். உற்பத்தியில் இல்லாத ஒரு பழைய சோதனைச் சூழலின் அக்கவுன்ட். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு கிடையாது. சாதாரணக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உள்ளே போய்விட்டார்கள். அங்கிருந்து உயர் அதிகாரிகளின் மின்னஞ்சல் வரை எட்டியது. 2024 ஜனவரி 19 அன்று அந்த நிறுவனமே இதை வெளியில் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் பட்டியலில் ஒவ்வொரு சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அந்த ஆள் வேலையை விட்டால், அது யாருக்குப் போகிறது என்று சொல்லாமல் எக்ஸிட் கிளியரன்ஸில் ஐடி கையெழுத்து கிடையாது.

எக்ஸிட் என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையில் நான் உறுதியாக நம்புகிற ஒரே விஷயம் அங்கேதான் இருக்கிறது. கொலோனியல் பைப்லைன் கதை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் குழாய், 2021 மே 7 அன்று நின்றது. உள்ளே வந்தவர்கள் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் வழியாக, ஒரே ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு வந்தார்கள். அது எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் அல்ல என்று நிறுவனத் தலைவர் ஜோசப் பிளவுன்ட் செனட் குழுவின் முன் சொன்னார். சொல்லி என்ன? மீட்புத்தொகையாக 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தாயிற்று. இந்தக் கதையைப் படம் போட்டுக் காட்டி, அதனால்தான் 90 நாள் ஸ்கிரிப்ட் வேண்டும் என்று விற்பவர்கள் பலர். ஆனால் வேலையை விட்டுப் போன ஆளின் அக்கவுன்ட் 90 நாள் திறந்து கிடந்து பிறகு மூடப்படுவதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? கோபத்தோடு போகிறவர் ஏதாவது செய்வதென்றால் முதல் வாரத்திலேயே செய்துவிடுவார். அது மட்டுமல்ல, அவர் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தால் கடைசி லாகின் தேதி புதிதாகவே இருக்கும். ஸ்கிரிப்ட் அவரை நல்ல ஊழியர் என்று விட்டுவிடும்.

எனவே ஸ்கிரிப்ட் எத்தனை அக்கவுன்ட்டை மூடியது என்ற எண்ணை நான் மேலிடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினேன். மூடியவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர்கள் என்று பிரித்து அனுப்பினேன். அந்த ஒவ்வொரு பெயரும் ஹெச்.ஆரிலிருந்து எங்களுக்கு வந்திருக்க வேண்டிய, வராமல் போன தகவல். தொடர்ந்து பார்த்ததில் ஒரு உண்மை தெரிந்தது. நிரந்தர ஊழியர்கள் அதில் அபூர்வம். அவர்களுக்குச் சம்பளம் நிற்க வேண்டும், செட்டில்மென்ட் போட வேண்டும், அதனால் எப்படியாவது தகவல் வந்துவிடும். பட்டியல் முழுக்க வெண்டார் ஆட்கள். அவர்கள் ஹெச்.ஆர். கணினியிலேயே இல்லை. பில்லை வைத்துக்கொண்டு தலையை எண்ணுவது பர்ச்சேஸ் துறை. யார் வந்தார், யார் மாறினார் என்று தெரிந்தது அந்தந்த டீம் லீடுக்கு மட்டும். வெண்டாரின் அக்கவுன்ட்டுக்கு ஒப்பந்தம் முடியும் தேதியையே காலாவதி நாளாகப் போட்டுவிட்டோம். நீட்டிக்க வேண்டுமானால் டீம் லீட் கேட்க வேண்டும். திறக்கச் சொல்லித்தான் டிக்கெட் வருமே, மூடச் சொல்லி வராதே. அந்தப் பழக்கத்தையே எங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டோம். நிரந்தர ஊழியர்களுக்கு ஹெச்.ஆர். கணினியில் கடைசி வேலை நாள் ஏறியதும், அன்று மாலை அது மற்றக் கருவிகளுக்குத் தானாகப் போகும்படி இணைப்பு வைத்தோம். ஸ்கிம் என்று ஒரு பொது நெறிமுறை 2015-இலிருந்தே இருக்கிறது. அதில் 'ஆக்டிவ்' என்ற ஒரு மதிப்பை 'இல்லை' என்று மாற்றி அனுப்புவதுதான் மொத்த வேலையும்.

இன்னொரு சின்ன லாபமும் உண்டு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் விட்ட உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. பெரும்பாலான அலுவலகங்கள் அதற்குமேல் ஒரு நாளும் வைப்பதில்லை, டிஸ்க்குக்கும் விலை இருக்கிறது. ஒரு வருஷமாகத் தூங்கிய அக்கவுன்ட்டைப் பற்றி, 'இது கடைசியாக என்ன செய்தது' என்று யாராவது கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. 90 நாளில் மூடும்போது கேட்டால், எடுத்துக் காட்ட முடியும்.

இவையெல்லாம் ஓடத் தொடங்கியபின் ராத்திரி ஸ்கிரிப்ட்டின் வலையில் விழுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு காலாண்டில் ஒருவர்கூட விழவில்லை. ஆடிட்டர் வந்தார், இளைஞர், லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு ஆதாரம் கேட்டார். காலியான அறிக்கையைக் காட்டினேன். "சார், இந்த கன்ட்ரோல் வேலை செய்யுதா?" என்றார். மூட யாருமே இல்லை, அதனால்தான் மூடவில்லை என்று விளக்கினேன். எக்ஸிட் இணைப்பையும் வெண்டார் தேதிகளையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அது சரி சார். ஆனா சாம்பிள் இல்லாம நான் எதை டெஸ்ட் பண்றது? ஸ்கிரிப்ட் நின்னுபோயிருந்தாலும் ரிப்போர்ட் இப்படித்தானே காலியா இருக்கும்?"

அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியவில்லை. இப்போது எங்கள் ஜிராவில் எந்த புராஜெக்ட்டிலும் அனுமதி இல்லாத ஓர் அக்கவுன்ட் இருக்கிறது. யாரும் அதில் லாகின் செய்யக் கூடாது என்று உத்தரவு. 90 நாளானதும் ஸ்கிரிப்ட் அதை மூடும், நாங்கள் திரை நகல் எடுத்து ஆடிட் ஃபோல்டரில் போடுவோம், மறுபடி திறந்து வைப்போம். லைசென்ஸில் ஓர் இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஃபைனான்ஸ் மேனேஜர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.